அட்டையில் ஒரு திருத்தம்

செயின்ட் லூயிஸ், 1983, மார்ச்.
சரக்கு லிஃப்டில் நானும் அதுவும் மட்டும்.
அமிலமில்லாத தாளில் சுருட்டி
பிரசவ வார்டிலிருந்து வருகிறவன்போல
இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறேன்.
அடித்தளம் மூன்றில்
பதினோரு ஆண்டு கிடந்தது,
கரண்டிகளுக்கும் கம்பளிக் காலுறைகளுக்கும் நடுவே.
பதிவேடு சொன்னது:
'ஒட்டுத்துணிப் போர்வை. பருத்தி. செய்தவர் தெரியவில்லை.'

தெரியவில்லையா.
பின்புறத்தில், மாவுச் சாக்கின் மங்கிய எழுத்துக்குக் கீழே
சங்கிலித் தையலில் ஒரு முழுப்பெயர்,
ஊர், வருடம், 1951.
திருப்பிப் பார்க்க
யாருக்கும் கை வரவில்லை, அவ்வளவுதான்.

என் வேலை மாட்டுவது.
எது மேல்பக்கம் என்று கேட்டேன்.
ஓவியம் என்றால் ஆகாயம் இருக்கும்,
இல்லாவிட்டால் ஓரத்தில் கையொப்பமாவது.
இதற்கு நாலு பக்கமும் தூக்கம்.
டாக்டர் ஃபென்விக் கண்ணாடியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:
"பச்சை கீழே. கனமான நிறம் கீழேதான் உட்காரும்."

சிவப்புப் பட்டைகள், சாம்பல் பட்டைகள்,
சிவப்பு, சாம்பல், சிவப்பு,
ஒரு ஓரத்தில் மட்டும்
கேட்காமல் உள்ளே வந்த ஒரு முழம் பச்சை.
அதற்குப் பக்கத்தில் அட்டை ஒட்டினேன்:
'சிவப்புத் துணி தீர்ந்தபோது
கைக்குக் கிடைத்த பச்சையால் முடித்திருக்கிறார்.
பற்றாக்குறை பெற்ற பிள்ளை, இந்த அழகு.'

எதிர்ச் சுவரில்
ஒரு பெரிய மனிதரின் பெரிய பட்டைகள்.
காப்பீட்டுத் தொகையைச் சொன்னால்
ஏணி நடுங்கும்.

திறப்பு விழாவுக்கு ஒஸெல்லா டிக்கர்சன் வந்தார்.
ஆர்கன்சாவிலிருந்து இரவு பஸ்.
கோழி வெட்டும் ஆலையில் இரண்டு நாள் விடுப்பு,
சம்பளமில்லாமல்.
கோட்டைக் கழற்றவில்லை.
ஒயின் தட்டு மூன்று முறை
அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

முதலில் போர்வையைப் பார்த்தார்.
"தலைகீழா மாட்டியிருக்கு."
யாரும் பேசவில்லை.
"பச்சை தலைமாட்டுக்கு. கண் முழிச்சதும்
முகத்துக்கிட்ட இருக்கணும்னு வெச்சது.
கால்மாட்டுல போட்டா யாருக்குத் தெரியும்?"

பிறகு அட்டையைப் படித்தார்,
உதடு அசைய, இரண்டு தரம்.

"சிவப்பு மிச்சமிருந்தது.
ஒன்றரை கெஜம். இரண்டாவது இழுப்பறையில்.
அதுல மகனுக்குச் சட்டை தெச்சேன்.
சாயம் போகல. அவன்தான் போனான், டெட்ராய்ட்டுக்கு.
பச்சை கைக்குக் கிடைச்சதில்லை, ஐயா.
காசு குடுத்து வாங்கினது.
கெஜம் பதினெட்டு சென்ட்,
சோளமாவுக்கு வெச்சிருந்த காசு.
அன்னிக்கு வீட்டுல பெரிய சண்டை."

"அப்படியென்றால் ஏன் பச்சை?" என்றார் ஃபென்விக்,
நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டே.

ஒஸெல்லா எதிர்ச் சுவரைக் காட்டினார்.
"அவர்கிட்ட இப்படிக் கேட்டீங்களா?"

கூட்டம் கலைந்தபின் ஏணியைக் கொண்டுவந்தேன்.
இரவு பதினொன்றரைவரை பிடித்தது,
மேலே தைத்த பட்டியைப் பிரித்துக்
கீழ் ஓரத்தில் தைக்க.
தையல்காரி வீட்டுக்குப் போய்விட்டாள்.
ஒஸெல்லாவே ஊசி கேட்டார்.
நியமப்படி கையுறை போடவேண்டும் என்றேன்.
என்னை ஒரு முறை பார்த்தார்.
கையுறையை நான் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.

புது அட்டையில் பெயர், வருடம், பருத்தி.
பழைய பசையைச் சுரண்டுகையில்
சுவர்ச் சாயமும் கொஞ்சம் உரிந்துவந்தது.
அது இன்றைக்கும் தெரியும், தெரிந்தவனுக்கு.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
பெஞ்சில் உட்கார்ந்து
தன்னுடையதைப் பார்க்காமல்
அந்தப் பெரிய பட்டைகளையே பார்த்திருந்தார்,
ஒரு கண்ணைச் சுருக்கி,
அளவெடுக்கிறவர்போல.

"நல்லாத்தான் செஞ்சிருக்கார்," என்றார் கடைசியில்.
"அந்த வலது ஓரத்துல மட்டும்
பாவம்,
துணி தீர்ந்துபோச்சு போல."